ஜானு பாடும்போது ஜெனரேட்டர் உறுமியது: மண்டபம் கரையில் ஒரே படம், இரண்டு இரவுகள்

போன ஆடி மாதம் மண்டபத்தில் '96' படத்தை இரண்டு தடவை போட்டோம். முதல் தடவை தென்கடல் கரையில். படம் பாதியைத் தாண்டுவதற்குள் பாதிச் சனம் எழுந்து போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து வடகடல் பக்கம், வலை பின்னுகிற ஒரு கொட்டகையில் போட்டோம். அன்றைக்குப் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் பாயைச் சுருட்டவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் வந்தவர்கள்தான். ஓட்டியதும் அதே கோப்புதான். நடுவில் என்ன மாறியது என்று நானும் நண்பரும் மைக்செட் அண்ணனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். எங்களைப் போல ஊருக்குள் படம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். ஊர்க்காரர்கள் யார் பெயரையும் இங்கே போடவில்லை. கேட்டால் போடத்தான் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

எதற்கு இந்தப் படம்

முதலில் எங்களுக்குள்ளேயே சண்டை. சனம் வரவேண்டும் என்றால் அடிதடிப் படம் போடு என்றார் நண்பர். எனக்கு வேறு கணக்கு இருந்தது. காதல் கதையில் சத்தமும் சத்தமில்லாத இடமும் எப்படிக் கதை சொல்கின்றன என்பதைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்டுப் பார்க்க ஆசை. திரைக்கு அடியில் எழுத்து ஓடாமலே எல்லோருக்கும் புரியவேண்டும். டிவியில் பார்த்தவர்களும் மறுபடி வரவேண்டும். 2018-ல் வந்த '96' இதற்கெல்லாம் சரியாக இருந்தது.

கதை தெரியாதவர்கள் குறைவு. தஞ்சாவூர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் 22 வருஷம் கழித்துப் பழைய மாணவர் சந்திப்பில் பார்த்துக்கொள்கிறார்கள். ஜானுவுக்குச் சிங்கப்பூரில் குடும்பம், பிள்ளை. ராம் தனி ஆள். அவள் விமானம் ஏறும்வரை ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இயக்குநர் சி. பிரேம்குமார் அதற்கு முன் ஒளிப்பதிவாளர். அப்படிப்பட்டவர் எடுத்த படம் என்றால் கண்ணுக்குத்தான் தீனி இருக்கும் என்று நினைப்போம். இதில் கதையின் முடிச்சு காதில் இருக்கிறது. ஜானகி என்கிற பெயரே பாடகி எஸ். ஜானகியை நினைத்து வைத்ததுதான். பள்ளியில் ஜானு இளையராஜா பாட்டாகப் பாடுவாள். ராமுக்கு வேண்டியது ஒரே பாட்டு: 1991-ல் வந்த 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே'. அவன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்தே வேறு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். 22 வருஷம் கழித்தும் அந்தப் பாட்டு பாக்கி.

இதைக் கவனித்த பிறகுதான் படத்தின் மௌனம் எனக்குப் பிடிபட்டது. மௌனம் என்றால் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்க, பின்னால் வயலின் அழுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் சில இடங்கள் உண்டு. கோவிந்த் வசந்தாவின் வயலின் கொஞ்சம் அதிகமாகவே அழுகிறது என்பது என் கட்சி, நண்பர் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் படம் முழுக்க ஓடுகிற மௌனம் அந்தப் பாடாத பாட்டுதான். ஜானு எத்தனை பாடினாலும் அந்த ஒன்று வராதது உறுத்திக்கொண்டே இருக்கும், எல்லாம் பரிமாறிய இலையில் உப்பு மட்டும் வைக்காமல் விட்ட மாதிரி.

அப்புறம் ஒரு கட்டத்தில் ராம் வீட்டில் கரண்ட் போகிறது. அந்த இருட்டில், யாரும் கேட்காமலே, ஜானு பாட ஆரம்பிக்கிறாள். சின்மயியின் குரல். வாத்தியம் துணைக்கு இல்லை. அந்த இடத்தில் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் விழக்கூடாது. இந்த ஓர் இடம் ஊருக்குக் கேட்டுவிட்டால் போதும் என்றுதான் படத்தையே தேர்ந்தெடுத்தேன். முதல் இரவு சரியாக அங்கேதான் கவிழ்ந்தது.

தென்கடல் இரவு

மண்டபத்தைப் பார்க்காதவர்களுக்காக: கடலுக்குள் நாக்கை நீட்டின மாதிரி ஒல்லியான நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். ராமேஸ்வரம் வந்தவர்கள் பெண்கடல், ஆண்கடல் என்று சொல்லக் கேட்டிருப்பார்கள், அதுவும் இதுதான். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தென்கடல் குமுறும், வடகடல் குளமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் அப்படியே தலைகீழ். காற்றைப் பார்த்துப் படகுகளும் கரை மாறும். இதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் ஆடி மாதத்தில் தென்கடல் கரையில் திரை கட்டினேன். மணல் அகலமாக இருந்தது என்பதைத் தவிர காரணம் ஒன்றும் இல்லை.

படத்தைப் பொதுவில் காட்ட உரிமையாளர் அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி எல்லாம் வாங்கிய கதை தனியாக ஒரு கட்டுரைக்கு வரும், இங்கே வேண்டாம். நேரக்கணக்கை மட்டும் சொல்லவேண்டும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. படம் 158 நிமிடம். ஆடியில் ஏழு மணிக்கு மேல்தான் திரையில் உருவம் தெளிகிற அளவுக்கு இருட்டும். 7:05-க்குத் தொடங்கி, பத்து நிமிடம் இடைவேளை விட்டால் 9:53-க்கு முடியும். பேச்சுக்கு இடமே இல்லை. ஆனாலும் பேசினேன். மைக்கைப் பிடித்து, திரையில் மௌனத்தின் அழகு பற்றிப் பன்னிரண்டு நிமிடம். அதனால் இடைவேளையே விடமுடியாமல் போனது. மௌனத்தைப் பற்றி மைக்கில் பேசியவன் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

அண்ணன் திருவிழாவுக்கு வைக்கிற பெரிய பாக்ஸ் இரண்டைத் திரையின் இரண்டு பக்கமும் மேசைமேல் ஏற்றி வைத்தார். "கடேசி ஆளுக்குக் கேக்கணும்ல தம்பி" என்றார். அவர் தொழில்படி அது நியாயம்தான். திரை ஊர்ப் பக்கம், சனத்துக்கு முதுகுப் பக்கம் கடல். ஜெனரேட்டர் சனத்துக்குப் பின்னால் இருபதடி தள்ளி. கச்சான் எல்லோருடைய பின்னந்தலையிலும் அடித்துக்கொண்டிருந்தது.

படம் ஓட ஆரம்பித்தது. பாட்டு வந்தால் மணல் அதிர்ந்தது. பேச்சு வந்தால் உதடு மட்டும் அசைந்தது. அண்ணன் பேச்சுக்கு ஏற்றினார், பாட்டுக்கு இறக்கினார், மறுபடி ஏற்றினார். குமிழிலிருந்து கை எடுக்கவே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. பின்வரிசையில் ஒரு பெரியம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் பேத்தியைத் தட்டி "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் பேத்தி இடத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் ராம் வீட்டில் கரண்ட் போனது, திரை இருண்டது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற பையன், அண்ணனுடைய மைத்துனன், நிஜமாகவே மின்சாரம் விழுகிறது என்று நினைத்து ஓடிப்போய்த் த்ராட்டிலைத் திருகினான். ஜெனரேட்டர் உறுமியது. கூட்டத்தில் இரண்டு பேர் செல்போன் டார்ச்சை அடித்தார்கள். சவுண்டு வரவில்லையே என்று அண்ணன் வால்யூமை முழுக்க ஏற்றினார். அந்த நேரம் பார்த்து ஜானு பாட வாயைத் திறந்தாள். 22 வருஷம் பாக்கி இருந்த பாட்டு தேர்தல் வண்டியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் பிரித்துப் பார்த்தது

டீக்கடையில் நண்பர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "இந்த ஊருக்கு இந்த மாதிரிப் படம் ஆகாது." தப்பு நம் பக்கம் என்று ஒப்புக்கொள்ள அவசியமே இல்லாத தீர்ப்பு, அதனால் எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. மறுத்தவர் அண்ணன்தான். "ஊரைச் சொல்லாத. படத்துலதான் கோளாறு. பேச்சு ஒரு லெவல்ல இருக்கு, பாட்டு ஒரு லெவல்ல இருக்கு. எவன்யா மிக்ஸ் பண்ணுனான்?" அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு போனதில் முதல் காரணம் கிடைத்தது.

கோப்பில் இருந்தது 5.1 ஒலி. முன்னால் இடது, நடு, வலது. பின்னால் இரண்டு. அதிர்கிற கனத்த சத்தத்துக்கு ஒன்று. ஆக ஆறு தடம். பாட்டும் பின்னணி இசையும் பல தடங்களில் பரவியிருக்கும். பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கும். லேப்டாப் ஆறு தடத்தையும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் மிக்சருக்கு ஒயர் போனது இடதுக்கும் வலதுக்கும் மட்டும். ராமும் ஜானுவும் பேசியதில் முக்கால்வாசி மிக்சருக்கு வந்து சேரவே இல்லை. பக்கத்துத் தடங்களில் கசிந்ததைத்தான் அண்ணன் ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறார். லேப்டாப்பில் ஸ்டீரியோ என்று ஓர் இடத்தில் மாற்றினால் நடுத்தடத்தை இரண்டிலும் கலந்து கொடுத்துவிடும். மாற்ற அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை முதல் நாளே செலவழித்திருக்கலாம், நான்தான் மேடையில் இருந்தேனே.

இதோடு தீர்ந்துவிடவில்லை. பேச்சு சரியாக வந்தாலும் படத்தில் மெல்லிய இடம் மெல்லியதாகத்தான் இருக்கும். தியேட்டரில் 85 டெசிபலை அடிப்படையாக வைத்து ஒலியளவைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் குமிழைத் தொடாமல் ஓட்டவேண்டும் என்பது முறை. அதை நம்பித்தான் ஒலிக்கலவை செய்கிறார்கள். மைக்செட் தொழிலில் இது நேர் எதிர். சத்தம் குறைந்தால் ஏதோ கோளாறு: ஒயர் விட்டுப்போயிருக்கும், மைக் அணைந்திருக்கும், ஆம்ப்ளிஃபயர் சூடாகியிருக்கும். அண்ணனின் கை முப்பது வருஷமாகப் பழகியது அதற்கு. கோளாறு இல்லாத மௌனத்தை அந்தக் கை அதற்கு முன் சந்தித்ததே இல்லை.

சினிமா ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. படப்பிடிப்பில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாரும் பேசாத அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். மின்விசிறி, தூரத்தில் போகிற வண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க்குழாய். இரண்டு வசனத்துக்கு நடுவே இதை நிரப்பாமல் சுத்தமாக வெட்டிவிட்டால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று காது நினைத்துக்கொள்ளும். ஆக, படத்தில் நாம் மௌனம் என்று கேட்பதும் ஒரு சத்தம்தான், ரொம்ப மெல்லிய சத்தம். அதைவிடப் பெரியவை எங்கள் ஜெனரேட்டரும் அலையும் காற்றும். அன்றைக்கு நண்பர் சும்மா இருக்காமல் செல்போன் செயலியில் ஒலியை அளந்து பார்த்திருந்தார். ராம் பேசினாலும் சரி, வாயை மூடிக்கொண்டாலும் சரி, முள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

காற்றின் வேலையும் இருந்தது. தரையை ஒட்டி மெதுவாகவும் மேலே போகப் போக வேகமாகவும் காற்று வீசும். அதனால் எதிர்க்காற்றில் போகிற சத்தம் மேல்நோக்கி வளைந்து ஆள் தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகிற சத்தம் கீழே வளைந்து தரையோடு வரும். நாங்கள் படத்தை எதிர்க்காற்றில் வைத்தோம், ஜெனரேட்டரைக் காற்று வருகிற பக்கம் வைத்தோம். இதை ஒரு தாளில் படம் போட்டு அம்புக்குறியோடு விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கச்சான்ல கரையில நின்னு தொண்டை கிழியக் கத்துனாலும் வள்ளத்துல இருக்கவனுக்குக் கேக்காது. அவன் வள்ளத்துக்குள்ள முணுமுணுக்குறது நமக்குக் கேக்கும். இதுக்கு எதுக்குய்யா பேப்பரு?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆடில எவனாச்சும் தெக்க நிப்பானா? படகையே வடக்க தூக்கிட்டுப் போறோம். படத்தத் தூக்கிட்டுப் போகக்கூடாதா?" என்று எழுந்து போய்விட்டார்.

வடகடல் இரவு

அடுத்த இரவுக்குத் தேதி பார்த்தோம். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், அவை கரையில் நிற்கிற ராத்திரி வேண்டும். இடம் ஒரு வலைக்கொட்டகை. மூன்று பக்கம் சிமெண்டுச் சுவர், வடக்குப் பக்கம் திறப்பு, மேலே தகரம். உள்ளே போய் ஒரு தடவை கை தட்டினால் நாலு தடவை கேட்டது. அண்ணன் முகம் சுருங்கியது. வெளியே குவிந்து கிடந்த நைலான் வலைகளைப் பையன்கள் தூக்கிவந்து மூன்று சுவரோரமும் இடுப்புயரத்துக்கு அடுக்கினார்கள். மறுபடி கை தட்டினோம். ஒரு தடவைதான் கேட்டது. மீன்வாடையைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை, சொல்ல அங்கே வெளியூர்க்காரர் இல்லை.

பெரிய பாக்ஸைத் தொடவே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். முன்னால் இருந்து கடைசி வரிசைக்கு அடித்தால் முன்வரிசை காது போகும் என்பதற்கு இதுதான் கணக்கு. நாலு சின்ன பாக்ஸை வாங்கிவந்து சனத்துக்கு நடுவிலேயே வைத்தோம். யார் எங்கே உட்கார்ந்தாலும் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ஒன்று இருக்கும், ஆகவே எல்லாமே மெதுவாகப் பேசினால் போதும். ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரியும் இன்வெர்ட்டரும். புரொஜெக்டரின் விசிறிச் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, கடைசி வரிசைக்குப் பின்னால் தள்ளி வைத்தோம்.

இவ்வளவு செய்ததில் எது முக்கியம் என்று கேட்டால் நான் வேறு ஒன்றைச் சொல்வேன். முந்தின நாள் ராத்திரி அண்ணன் வீட்டுத் திண்ணையில் அவருக்கு ஹெட்போன் மாட்டிப் படத்தை முழுசாகக் காட்டினோம். முப்பது வருஷமாக ஊருக்கே பாட்டுப் போட்டவர், ஒரு படத்தைத் தனக்காக உட்கார்ந்து கேட்டதில்லையாம். முதல் அரைமணி நேரம் அடிக்கடி ஹெட்போனைக் கழற்றி வயரை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் கழற்றவில்லை. கரண்ட் போகிற காட்சியில் அவர் விரல் தானாக மடியில் ஒரு குமிழைத் திருகப்போனது, பாதியில் நின்றது. பாட்டு முடிந்ததும் மதினியைக் கூப்பிட்டு, "இங்க வந்து இதக் கேளு" என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். மதினி கேட்டுவிட்டு, "சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மறுநாள் மிக்சரில் வால்யூம் குமிழுக்கு மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதில் பேனாவால் "தொடாத" என்று அவரே எழுதியிருந்தார்.

7:05-க்குத் தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு முறை ரயில் ஹாரன் அடித்து ஒரு வசனத்தை விழுங்கிவிட்டுப் போனது. சனம் பொறுமையாகக் காத்திருந்தது. ரயில் போனதும் பெரியம்மா பேத்தியைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன், தட்டவில்லை. அவருக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் பாக்ஸ் இருந்தது.

கரண்ட் போகிற காட்சி. திரை இருண்டதும் கொட்டகை முழுக்க இருண்டது. மைத்துனன் இன்வெர்ட்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அசையக்கூடாது என்று அவனுக்குத் தனியாகச் சொல்லியிருந்தது. அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஜானு பாடினாள். வடக்குத் திறப்பு வழியாக, கட்டிக் கிடந்த வள்ளங்களின் அடியில் தண்ணீர் சளப் சளப் என்று தட்டுவது அந்தக் குரலுக்கு அடியில் கேட்டது. அது படத்தில் இருக்கிற சத்தமா, கடலா என்று ஒரு நொடி எனக்கே குழம்பியது. யாரோ இருமினார்கள், நாலு தலை திரும்பியது.

என்ன கேட்டது

படம் முடிந்ததும் 'மௌனம் எப்படி இருந்தது' என்று கேட்பதாக இருந்தேன். முதல் நாள் அனுபவத்தால் அடக்கிக்கொண்டு, எந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

தென்கடலில் முங்கிப் பாசி எடுக்கிற ஒரு அக்கா முதலில் பேசினார். "இருட்டுல மொகம் தெரியாதுல்ல. அதான் பாடிட்டா." எத்தனையோ தடவை பார்த்த காட்சி, எனக்கு இது தோன்றியதில்லை. அவன் கேட்டதற்காக, அன்புக்காக, பழைய நினைவுக்காக என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். பாடும்போது தன் முகத்தை அவன் பார்க்கக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். 22 வருஷம் தள்ளிப்போட்டதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதே அக்காவிடம், தண்ணீருக்குள் முங்கினால் ஒரே நிசப்தமாக இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார். "வெளிச் சத்தந்தான் அடையும். உள்ள சும்மாவா இருக்கும்? சடசடன்னு எண்ணெயில பொரியற மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும்." அது பாறைகளில் இருக்கும் ஒரு வகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொடுக்கும்போது அப்படிக் கேட்கும். கடலுக்கும் ரூம் டோன் இருக்கிறது என்று நண்பரிடம் கிசுகிசுத்தேன். அவர், "மைக் வேணுமா?" என்றார்.

விசைப்படகு டிரைவர் ஒருவர் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை, இன்ஜினைப் பற்றிப் பேசினார். ராத்திரி நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தினால் முதல் ஒரு நிமிடம் காது வலிக்கிற மாதிரி இருக்குமாம். அப்புறம்தான் தண்ணீர் கேட்கும், அப்புறம் பக்கத்துப் படகில் பேசுவது கேட்கும். "அந்தப் பாட்டுக்கு முன்னால அந்த மாதிரி ஆச்சு" என்று முடித்தார். முதல் இரவு அவருக்கு அது ஆகவில்லை, எங்கள் இன்ஜின் நிற்கவே இல்லையே.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கடைசிக் காட்சியைச் சொன்னாள். ஜானு போன பிறகு, அவள் போட்டிருந்த உடையை ராம் எடுத்துத் தன் பழைய நினைவுப் பொருட்கள் இருக்கிற பெட்டியில் வைப்பான். "அழுவான்னு பாத்தேன். மடிச்சு வச்சான்." இது கண்ணால் பார்க்கிற காட்சி, முதல் நாளே இருந்திருந்தால் இது புரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஜானு நெஞ்சில் கை வைத்ததும் ராம் மயங்கி விழுகிற காட்சியும் அப்படித்தான், இரண்டு இரவும் ஒரே அளவு சிரித்தார்கள். ஒலி கெட்டாலும் இந்த மாதிரிக் காட்சிகள் பிழைத்துக்கொள்கின்றன. காதை நம்பி எடுத்தவைதான் செத்துப்போகின்றன. அதனால்தான் முதல் நாள் சனத்துக்கு அது பாதிப் படமாகத் தெரிந்திருக்கிறது. எழுந்து போனவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதினால் பொய். இரண்டு இரவும் உட்கார்ந்திருந்த ஒருவர், "ரெண்டு நாளும் நல்லாத்தான் கேட்டுச்சு, ஆனா ஒண்ணுமே நடக்கலையே" என்றார். இன்னொரு மதினிக்கு ஒரே சந்தேகம்: ராத்திரி பூரா இவனோட சுத்தப்போறேன்னு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா, சொல்லாமல் வந்தாளா? இதில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இருபது நிமிடம் போனது. ஆண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் கேட்ட மௌனங்களில் அதுவும் ஒன்று.

கலைகிற நேரம் பையன் ஒருவன் செல்போனில் 'தளபதி' பாட்டை எடுத்துப் போட்டான். அசல் பாட்டு, எனக்கு உயிர். பாசி எடுக்கிற அக்கா நின்று கொஞ்சம் கேட்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

சரியாக வராதவையும் உண்டு. நாய்களுக்கு வழி கண்டுபிடிக்கவில்லை. வலை அடுக்கியதில் இடம் குறைந்து கொஞ்சம் பேர் வெளியே நின்றே பார்த்தார்கள், அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்று விசாரிக்க விட்டுப்போனது. கார்த்திகையில் மறுபடி படம் போடுவதானால் தென்கடலுக்கு மாறவேண்டும், அங்கே கொட்டகை கிடையாது.

சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு அண்ணனிடம் வாடகை 1,500 ரூபாயை நீட்டினேன். எண்ணிப் பார்த்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னிக்கு நான் என்ன பண்ணுனேன்? சும்மாதான நின்னேன்" என்றார். வாங்க மறுத்தேன். அவர் அதை என் சட்டைப்பையில் சொருகிவிட்டு, மிக்சரில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவருக்கு ஒரு காதுகுத்து இருந்தது.